காளானின் சத்து மரத்தூளிலா, வைக்கோலிலா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மாரிகாலக் காளான் வளர்ப்பைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, காளானை எதில் வளர்க்கிறோம் என்பதற்கும் அதை உண்பவருக்குக் கிடைக்கும் சத்துக்கும் என்ன தொடர்பு என்ற ஒரே வினாவையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகவே இவ்விதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளேன். ஒரே கருத்துடைய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு வாசகி: ஐயா, நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து இரண்டு வருடமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறோம். மரத்தூளை நகரத்திலிருந்து லொறியில் ஏற்றிவர வேண்டியிருப்பதால் செலவு கட்டுப்படியாகவில்லை. பெரும்போக அறுவடை முடிந்தால் எங்கள் வயல்களில் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆனால் எங்களிடம் காளான் வாங்கும் கடைக்காரர், வைக்கோலில் வளர்ந்தது வெறும் தண்ணீர் என்றும் மரத்தூள் காளானில்தான் சத்து இருக்கிறது என்றும் சொல்கிறார். அது உண்மையா?

உண்மையன்று, தங்கையே. கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை பெரும்பாலும் அதற்கு எதிர்மாறாகவே இருக்கிறது.

காளானுக்குப் பச்சையம் இல்லை. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. நீங்கள் தெளிக்கும் நீரைத் தவிர, அதன் உடலில் சேரும் ஏறத்தாழ அனைத்தும் பொதிக்குள் அடைத்த ஊடகத்திலிருந்தே வரவேண்டும். புரதத்துக்கு அடிப்படை நைதரசன் ஆதலால், பொதிக்குள் எவ்வளவு நைதரசன் இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. நம் நாட்டில் பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்படும் கலவை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: மரத்தூள் 10 கிலோ, தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், பயற்றம்மா அல்லது சோயா மா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம். இதில் மரத்தூளின் நைதரசன் நூற்றுக்கு ஏறத்தாழ 0.15 பங்கு மட்டுமே. 10 கிலோ மரத்தூள் முழுவதும் சேர்ந்து 15 கிராம் அளவில்தான் தரும். ஒரே ஒரு கிலோ நல்ல தவிடு 20 கிராம் வரை தருகிறது. அந்த 100 கிராம் பயற்றம்மாவும் தன் பங்குக்கு 4 கிராம் அளவில் சேர்க்கிறது. எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தவிடும் மாவும் நைதரசனில் பாதிக்கு மேல் கொடுக்கின்றன. ஆகவே மரத்தூள் காளான் என்று நாம் சொல்வதன் புரதம் உண்மையில் பெரும்பாலும் தவிட்டின் புரதமே.

இனி வைக்கோலைப் பாருங்கள். அதன் நைதரசன் நூற்றுக்கு 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 10 கிலோ வைக்கோலில் ஏறத்தாழ 60 கிராம். தவிடு ஒரு பிடிகூடச் சேர்க்காமலே அது மேற்சொன்ன மரத்தூள் கலவையை மிஞ்சிவிடுகிறது. மேலும் மரத்துக்கு உறுதி தரும் இலிக்னின் என்ற பொருள் வைக்கோலில் குறைவாதலால், சிப்பிக் காளானின் நொதியங்கள் அதை விரைவாகச் சிதைத்து உள்ளிருக்கும் நார்ப்பொருளான செலுலோசை அடைகின்றன. வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஆரம்ப காலத்தில் இந்த வைக்கோலைத்தான் மூலப்பொருளாகக் கொண்டது என்பது நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கடதாசிக்குத் தேவைப்பட்ட அதே செலுலோசு காளானுக்கும் தேவை.

இதைக் கேட்டவுடன் வைக்கோல் காளானில் நான்கு மடங்கு புரதம் இருக்கும் என்று விளம்பரம் எழுதிவிடாதீர்கள். ஊடகத்தில் இருப்பது அப்படியே காளானில் தெரிவதற்கு அது கண்ணாடி அன்று. நைதரசன் குறைந்த இடத்தில் பூஞ்சை இழைகள் கிடைத்ததைச் சிக்கனமாகச் சேர்த்துவைத்துக் காளானுக்கு அனுப்புகின்றன. ஆகவே ஏழை ஊடகத்தில் முதலில் குறைவது விளைச்சலே, புரதத்தின் பங்கு அதைவிட மெதுவாகவே இறங்கும். வேறுபாடு உண்டு என்பது உறுதி. ஆனால் அது மடங்குக் கணக்கில் இராது, உலர்நிறையில் சில அலகுகளாகவே இருக்கும். அந்தச் சில அலகுகளை உயர்த்தப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கச்சான் பிடுங்கிய பின் எஞ்சும் கொடி, கௌப்பிக் கொடி, உழுந்துச் செடி ஆகிய அவரையினத்தின் எச்சங்களை உலர்த்தி, நறுக்கி, வைக்கோலின் எடையில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை கலந்தால், நைதரசனும் கூடும், தவிட்டுச் செலவும் குறையும்.

எந்த வைக்கோல் என்பதிலும் கவனம் வேண்டும். அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் பிந்திய மழையில் ஒரு கிழமை நனைந்து கறுத்திருந்தால், அதிலிருந்த பொற்றாசியத்தில் பெரும்பகுதியும் எளிதில் கரையும் வெல்லங்களும் வயலுக்கே திரும்பிப் போயிருக்கும். எஞ்சிய வைக்கோலில் ஏற்கெனவே வேறு பூசணங்கள் குடியேறியிருக்கும். நெல்லின் கடைசிக் கட்டத்தில் பூஞ்சைநாசினி தெளித்த வயலின் வைக்கோலை எடுக்கவே வேண்டாம். காளானும் ஒரு பூஞ்சை என்பதை அந்த மருந்து மறக்காது. பொன்னிறமாக, மொறுமொறுப்பாக, நல்ல மணத்துடன் இருக்கும் வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, 65 முதல் 70 பாகை சென்டிகிரேட் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் வைத்து வடித்தெடுங்கள். கையால் இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே வழியும் பதத்தில் பொதிகளில் அடையுங்கள்.

தவிட்டைப் பற்றியும் ஒரு சொல். சத்துக்கு ஆசைப்பட்டு அதை அளவுக்கு மேல் கொட்டக்கூடாது. விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் நானே ஒருமுறை தவிட்டின் அளவை இரட்டிப்பாக்கினேன். பாதிக்கு மேற்பட்ட பொதிகள் பத்து நாளில் பச்சைப் பூசணம் பிடித்துக் குழிக்குப் போயின. நைதரசன் மிகுந்த ஊடகம் சூடேறும், கிருமி நீக்கத்தில் சிறு தவறு நேர்ந்தாலும் காளானை முந்திக்கொண்டு வேறு பூசணம் வளரும். சிறிய அரிசி ஆலைகளில் தவிடு என்ற பெயரில் விற்கப்படுவதில் உமி பாதி இருப்பதும் உண்டு. உமியில் சிலிக்காவும் இலிக்னினும் மிகுதி. விரலிடையே தேய்த்துப் பாருங்கள். நல்ல தவிடு மாவாக வழுக்கும், எண்ணெய்ப் பசை தெரியும். அந்த எண்ணெயின் காரணமாகவே பழைய தவிடு காறிப்போகும் என்பதால், புதிதாக வாங்கி ஒரு கிழமைக்குள் பயன்படுத்துவது நல்லது.

சம்மாந்துறையிலிருந்து ஓர் இளைஞர்: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். காளானை உலர்த்திப் பொதி செய்து விற்கத் தொடங்கியிருக்கிறேன். பொதியில் ‘புரதம் 30 வீதம், பருப்பிலும் அதிகம்’ என்று அச்சிட விரும்புகிறேன். பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அச்சிடலாமா?

வஅலைக்கும் ஸலாம், தம்பி. அச்சிடவேண்டாம். அந்த வரியில் மூன்று தடுமாற்றங்கள் உள்ளன.

முதலாவது, 30 என்பது எந்தக் காளானின் எண்? முன்னைய பதிலில் சொன்னவாறு ஊடகம் மாறினால் புரதமும் மாறும். எங்கோ, எதிலோ வளர்ந்த காளானின் எண்ணை உங்கள் பொதியில் இடுவது, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சைப் புள்ளியை நம் பிள்ளையின் அறிக்கையில் எழுதுவதைப் போன்றது.

இரண்டாவது, எண்ணைக் கணித்த முறை. ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரே நிறுப்பதில்லை; நைதரசனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். இறைச்சி, தானியம் முதலியவற்றுக்கு வழக்கமாக 6.25 என்ற எண் பயன்படுகிறது. காளானின் கலச்சுவரில் கைற்றின் என்ற பொருள் இருக்கிறது. இறாலின் ஓட்டில் இருப்பதும் அதுவே. கைற்றினிலும் நைதரசன் உண்டு. ஆனால் அது புரதமன்று, நம் உடலுக்குப் புரதமாகப் பயன்படுவதுமில்லை. அதைக் கழிப்பதற்காகக் காளானுக்கு 4.38 என்ற எண்ணை வைப்பது வழக்கம். உலர்ந்த காளானில் நைதரசன் நூற்றுக்கு 4.8 இருப்பதாக வைத்துக்கொண்டால், 6.25 ஆல் பெருக்கும்போது 30 வருகிறது, 4.38 ஆல் பெருக்கினால் 21 மட்டுமே. பெருக்கும் எண்ணை மாற்றிய ஒரே காரணத்தால் ஒன்பது அலகு காணாமற் போய்விட்டது. ஒரு ஊடகத்தைவிட மற்றொன்று சிறந்தது என்று யாராவது எண்களை ஒப்பிட்டுக் காட்டினால், இருபுறமும் ஒரே எண்ணால்தான் பெருக்கினார்களா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, பருப்பு. உலர்ந்த காளானை உலர்ந்த பருப்போடு ஒப்பிட்டால் இரண்டும் அருகருகே நிற்கும். ஆனால் நாம் உண்பது உலர்ந்த நிலையிலன்று. 100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் ஏறத்தாழ 89 கிராம் நீர். புரதம் மூன்று கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் அவித்த பருப்பில் புரதம் ஏறத்தாழ 9 கிராம். சோற்றுக்குக் கறியாகப் பரிமாறும்போது பருப்பே முன்னிற்கிறது.

இதனால் காளான் தாழ்ந்துபோவதில்லை. அதன் புரதத்தில் உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் யாவும் உள்ளன. நம் சோற்றில் குறைவாக இருக்கும் இலைசினும் அவற்றுள் ஒன்று. நயசின், இரைபோபிளேவின் ஆகிய விற்றமின்கள் நல்ல அளவில் உண்டு. 100 கிராமில் பொற்றாசியம் 420 மில்லிகிராம் அளவில் இருக்க, சோடியம் 20 மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. எர்கோதயோனீன் என்ற ஒட்சியேற்ற எதிர்ப்பொருளை மற்ற உணவுகளைவிடக் காளானே மிகுதியாகத் தருகிறது. பொய்யான 30ஐ விட்டுவிட்டு இவற்றைப் பற்றி எழுதுங்கள். புரத எண் கட்டாயம் வேண்டுமானால் உங்கள் ஊடகத்தில் வளர்ந்த காளானையே பரிசோதித்து, எந்த எண்ணால் பெருக்கியது என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

நாவிதன்வெளியிலிருந்து ஒரு வாசகர்: மழைக்காலத்தில் கிட்டங்கிப் பாலத்தடியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) அடைத்துக்கொண்டு போக்குவரத்துக்கே இடையூறாகிறது. அதை அள்ளி உலர்த்திக் காளான் வளர்க்கலாம் என்று சொல்கிறார்கள். அது சத்தானதா, ஆபத்தானதா?

இரண்டுமாகலாம் என்பதே நேர்மையான விடை. ஆற்றுவாழையின் இலையில் நைதரசனும் கனியுப்புகளும் வைக்கோலைவிட அதிகம். சிப்பிக் காளான் அதில் தாராளமாக வளரும். ஆனால் அந்தச் செடிக்கு ஒரு தனிக்குணம் உண்டு: நீரிலுள்ள கட்மியம், ஈயம், இரசம், குரோமியம் முதலிய பார உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் தேக்கிவைக்கும், இந்தத் தன்மைக்காகவே கழிவுநீரைச் சுத்திகரிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். காளானுக்கும் அதே பழக்கம் ஓரளவு இருக்கிறது, கட்மியத்தையும் இரசத்தையும் சேர்த்துவைப்பதில் அது வல்லது. நீர் சேர்த்ததைச் செடியும், செடி சேர்த்ததைக் காளானும் எடுத்துக்கொண்டால் கடைசியில் அது நம் கோப்பைக்கு வந்து சேரும்.

ஆகவே செடியைவிட அது மிதந்த நீரையே முதலில் பார்க்கவேண்டும். நகரத்து வடிகான்களும் வாகனத் திருத்துமிடங்களின் எண்ணெயும் கலக்கும் நீரில் வளர்ந்தது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் உணவுக் காளானுக்கு ஆகாது. அதைக் கூட்டெருவாக்கி உண்ணாத பயிர்களுக்கு இடலாம். குடியிருப்பும் தொழிற்சாலையும் இல்லாத குளமொன்றிலிருந்து எடுப்பதானால், உலோகம் மிகுதியாகத் தங்கும் வேரை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு, இலையையும் காம்பையும் கழுவி, நன்கு காயவைத்து, வைக்கோலோடு நான்கில் ஒரு பங்கு கலந்து பாருங்கள். அதன் முதல் அறுவடையை ஆய்வுகூடத்தில் பார உலோகப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே விற்பனையைப் பற்றி யோசிக்கவேண்டும்.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: இங்கே தும்புத்தூள் மலிவாகக் கிடைக்கிறது. அயலிலுள்ள தளபாடப் பட்டறையிலிருந்து மரத்தூளும் இலவசமாகத் தருகிறார்கள். இவற்றில் எது மேல்?

இரண்டாவதைத் தொடவேண்டாம். மரக்காலையில் பச்சை மரம் அரியும்போது விழும் தூள் வேறு. தளபாடப் பட்டறைத் தூள் வேறு. பின்னதில் பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றிய பலகையின் தூளும், ஒட்டுப்பலகையின் பசையும், வானிஷும் கலந்திருக்கும். பலகைக்கு ஏற்றும் மருந்துகளுள் செம்பு, குரோமியம், ஆசனிக்கு மூன்றும் சேர்ந்த வகையும் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மரக்காலைத் தூளிலும் தேக்கும் வேம்பும் வேண்டாம், அவற்றிலுள்ள இயற்கைப் பொருள்களே பூஞ்சையைத் தடுக்கும். மாமரத் தூள் நல்லது. கிடைத்தால் இறப்பர் மரத் தூளும் நல்லது.

தும்புத்தூளில் இலிக்னின் மிகுதி, நைதரசன் மிகக் குறைவு. உவர்நீரில் மட்டை ஊறவைத்த இடத்துத் தூளாக இருந்தால் உப்பும் சேர்ந்திருக்கும். தனியாக அது சத்தையும் தராது, விளைச்சலையும் தராது. நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவி, ஈரத்தைப் பிடித்துவைப்பதற்காக வைக்கோலோடு சிறிதளவு சேர்க்கலாம். கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்துபோகும் மாதங்களில் அதன் பயன் தெரியும். ஹிங்குரானக் கரும்புச் சக்கையைப் பற்றி வேறொருவர் கேட்டிருந்தார். அதுவும் நைதரசனில் வறியதே, தவிடு சேர்த்தாகவேண்டும். எஞ்சிய வெல்லம் பூசணத்தை அழைக்குமாதலால் புதிய சக்கையை அலசிப் பயன்படுத்த வேண்டும்.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பகுதியில் இரத்தச்சோகையுள்ள தாய்மார் பலர். பொதிக்குள் இரும்பு உப்பைக் கலந்தால் இரும்புச் சத்து மிகுந்த காளான் கிடைக்காதா?

எல்லாக் கனியுப்பும் ஒரேமாதிரி ஊடகத்திலிருந்து காளானுக்கு ஏறுவதில்லை. கல்சியமே இதற்குச் சான்று. மரத்தூள் கலவையில் 10 கிலோவுக்கு 200 கிராம் கல்சியம் காபனேற்று இடுகிறோம். அப்படியிருந்தும் 100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் கல்சியம் சில மில்லிகிராம்தான். அது ஊடகத்தின் புளிப்பைச் சமன் செய்கிறதே தவிர, காளானுக்குள் பெரிதாக ஏறுவதில்லை. பொசுபரசும் பொற்றாசியமும் எளிதில் ஏறும். எல்லாவற்றிலும் தாராளமாக ஏறுவது செலனியம். ஊடகத்தில் அதைக் கூட்டினால் காளானிலும் வேகமாகக் கூடும். இரும்பு ஓரளவே ஏறுகிறது. அளவு மிஞ்சினால் இழைகளின் வளர்ச்சியையே தடுத்துவிடும்.

செலனியம் ஏறுகிறது என்பதற்காக அதையும் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 மைக்கிரோகிராம் போதும். 400ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். அடுப்படித் தராசில் அளக்கக்கூடிய இடைவெளியன்று அது. இரத்தச்சோகையுள்ள தாய்மாருக்குச் சிகிச்சை நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையே முதல் வழி. அதோடு நெத்தலியும் கீரையும் உண்ணட்டும். காளானை அவற்றோடு சேர்த்துக் கறியாக்குங்கள்; அதை மருந்தாக்க முயலவேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: பறிப்பதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்தால் எடை கூடுகிறது. இதனால் சத்துக் குறையுமா? உலர்த்தும்போது நிழலில் உலர்த்துவது நல்லதா, வெயிலிலா?

முதல் கேள்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. நூற்றுக்கு 90 பங்கு நீருள்ள ஒரு கிலோ காளானில் உலர்பொருள் 100 கிராம் இருக்கும். தெளித்த நீரால் அது 92 பங்காகிவிட்டால் உலர்பொருள் 80 கிராமாகிறது. வெறும் இரண்டு பங்கு நீர் கூடியதற்கு, வாங்குபவர் ஒரு கிலோவில் பெறும் சத்தில் ஐந்தில் ஒன்று போய்விடுகிறது. வைக்கோலையும் கச்சான் கொடியையும் தேடி அலைந்து நீங்கள் கூட்டிய புரதம் முழுவதும் இந்த ஒரு தெளிப்பிலேயே கரைந்துவிடும். நனைந்த காளான் விரைவில் மஞ்சளித்து வழவழக்கவும் செய்யும். பொதியைச் சுற்றியும் நிலத்திலும் நீர் தெளித்து ஈரப்பதத்தைப் பேணுங்கள்; பறிக்கும் நாளில் காளானின்மேல் தெளிக்கவேண்டாம். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளத் தொடங்குமுன் பறியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை வெயில்தான், அதற்குக் காரணமும் உண்டு. விற்றமின் டீயை எந்த ஊடகமும் காளானுக்குக் கொடுப்பதில்லை. கொட்டிலின் இருளில் வளரும் காளானில் அது மிகக் குறைவு. ஆனால் அதன் மூலப்பொருளான எர்கொஸ்ரரோல் நிறைய இருக்கிறது. புறஊதாக் கதிர் பட்டவுடன் அது விற்றமின் டீ 2 ஆக மாறுகிறது. நம் பகுதியின் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 100 கிராம் பச்சைக் காளானில் 10 மைக்கிரோகிராமும் அதற்கு மேலும் உண்டாகலாம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இது நடக்காது. கதிர் நேராகப் படவேண்டும். காளானை நீளவாக்கில் கிழித்து, செதில்கள் மேல்நோக்கி இருக்கும்படி சுத்தமான பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஈக்கும் தூசுக்கும் நுளம்புவலையால் மூடி, காலை பத்து மணிக்குப் பின் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். அதன் பிறகு நிழலிலோ உலர்த்தியிலோ நொறுங்கும் பதம் வரை காயவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.